கோயிலைப் பார்த்தவர்கள் கல்லைப் படிக்கவில்லை

டிசம்பர் பிறந்ததும் எங்கள் ஆய்வாளர் குழுக்களில் ஒரு பட்டியல் வலம்வரத் தொடங்கிவிடும். 'நாட்டுப்புறத்தில் காண வேண்டிய பழைய தேவாலயங்கள்' என்பது அதன் வழக்கமான தலைப்பு. ஹேமாவதி நீர்த்தேக்கத்தில் பாதி மூழ்கி நிற்கும் செட்டிஹள்ளி இடிபாடு அதில் தவறாமல் இருக்கும். மேதக் பேராலயம் இருக்கும். கோவாவின் வெள்ளை முகப்புகள் நாலைந்து இருக்கும். கேரளத்துக்கு என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியிலும் 'போர்ச்சுக்கீசியப் பாணி', 'ஐரோப்பிய அமைதி' என்ற சொற்கள். இவ்வாண்டு நான் மதிக்கும் பேராசிரியர் ஒருவர் பட்டியலில் என் பெயரைக் குறித்து, "கோட்டயம் பக்கம் களப்பணி செய்கிறீர்களே, இரண்டு ஊர்களைச் சேருங்கள்" என்று கேட்டார். நான் சேர்க்கவில்லை. அவருக்கு அளிக்க வேண்டிய விளக்கம் சற்று நீளமானது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'ஐரோப்பிய அமைதி'யை எடுத்துக்கொள்வோம். கேரளத்துச் சுரியானிக் கிறித்தவர்களின் பழைய பள்ளிகளில் ஐரோப்பியமானது பெரும்பாலும் முகப்பு மட்டுமே. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பழைய உடலின் முன்னே எழுப்பப்பட்ட சுவர் அது. அச்சுவரைக் கடந்து உள்ளே சென்றால் மேலே மரக்கூரை. வெளியே முற்றத்தில் தாமரைப் பீடத்தின் மேல் ஒற்றைக் கருங்கல் சிலுவை. கல்விளக்கு, கொடிமரம், சுற்றுமதில். பக்கத்துக் கோயிலைக் கட்டிய தச்சர் மரபும் கல்தச்சர் மரபும் இங்கும் உழைத்திருக்கின்றன என்பதை உணர எந்தப் பட்டப்படிப்பும் தேவையில்லை. கடுத்துருத்தி முற்றத்தில் நிற்கும் பெருஞ்சிலுவையின் அடியில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பட்டியல்காரர்கள் முகப்புக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முகப்பு மட்டும் படத்தில் விழுவதால் கட்டடம் முழுவதும் போர்ச்சுக்கீசியம் ஆகிவிடுகிறது.

இதைக் கட்டடக்கலை பற்றிய சிறு பிழை என்று விட்டுவிடலாம். நான் சண்டைக்கு வருவது வேறு இடத்தில். இந்தப் பள்ளிகள் எழுத்தால் நிரம்பியவை. சுவரில், சிலுவையில், மணியில், கல்லறைப் பலகையில், படிக்கட்டில் என எழுத்து இல்லாத இடம் குறைவு. பஹ்லவி, சுரியானி, வட்டெழுத்து, கோலெழுத்து, போர்ச்சுக்கீசியம், லத்தீன் என ஒரே வளாகத்தில் மூன்று நான்கு எழுத்துமுறைகள் அடுத்தடுத்து நிற்கும் இடங்கள் இந்தியாவில் எத்தனை? அவற்றைச் 'சென்று காண வேண்டிய இடங்கள்' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் மொழித்துறைகளில் சம்பளமோ உதவித்தொகையோ பெறுபவர்கள். நானும் அப்படித்தான். நாம் போய் என்ன செய்கிறோம்? பார்க்கிறோம்.

முட்டுச்சிற, கோதநல்லூர், கடமற்றம், ஆலங்காடு ஆகிய சிற்றூர்களிலும், கோட்டயம் வலியபள்ளியிலும் பாரசீகச் சிலுவைகள் என்று வழங்கும் கற்புடைப்புகள் உள்ளன. சென்னையில் இருப்பவர்கள் இவ்வகையைப் பார்க்க அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1547இல் பரங்கிமலையில் அகப்பட்ட சிலுவையும் இதே குடும்பம். சிலுவையைச் சூழ்ந்த வளைவில் பஹ்லவி எழுத்தில் ஒரே ஒரு வரி. எல்லாக் கற்களிலும் ஏறத்தாழ அதே வரி. கோட்டயத்தின் இரண்டாவது சிலுவையில் மட்டும் கூடுதலாகச் சுரியானியில், பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திலிருந்து ஒரு வாசகம். காலம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமிப்பு இல்லை. சில கற்கள் மூலம், சில பிற்காலத்துப் படிகள் என்று கருதுவோரும் உண்டு. அது உண்மையானால் எனக்கு ஆர்வம் இன்னும் கூடுகிறது. படிக்கத் தெரியாத எழுத்தை ஒரு கல்தச்சர் கையால் படியெடுக்கும்போது எந்தக் கோடு நழுவும், எந்த வளைவு மிஞ்சும் என்பது எழுத்தியலில் அருமையான கேள்வி.

அந்த ஒரு வரி படிக்கப்பட்ட கதையைக் கேளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் பரங்கிமலைக் கல்லைப் படித்துச் சொல்லப் போர்ச்சுக்கீசியர் ஒரு பிராமணரை அழைத்து வந்தனர். அவர் ஒவ்வோர் எழுத்தும் பல சொற்களைக் குறிப்பது என்று விளக்கி, தோமாவின் வரவையும் மறைவையும் பற்றிய நீண்டதொரு வரலாற்றை அந்தச் சிறு வரியிலிருந்து வெளியே எடுத்தார். கேட்டவர்கள் எதிர்பார்த்தது அதுவே, எனவே ஏற்றுக்கொண்டனர். (கேட்பவரின் விருப்பம் வாசிப்பைத் தீர்மானிப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் வகுப்பில் தந்ததில்லை.) ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, தஞ்சைச் சரசுவதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவராக நாம் அறிந்திருக்கும் பர்னல், 1873இல் இது பஹ்லவி என்று எடுத்துக்காட்டினார். அவர் அதைச் சிலுவைப்பாட்டையும் மெய்யான மெசியாவையும் பற்றிய இறையியல் கூற்றாகப் படித்தார். 1920களில் விங்க்வொர்த் அதை ஒரு தனிமனிதனின் வேண்டுதலாகப் படித்தார்: ஆண்டவரே, சாஹர்பொக்தின் மகனான இன்னாருக்கு இரங்கும், இதை வெட்டியவன் அவன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செரெட்டி மீண்டும் படித்தபோது மகனின் பெயர் மாறியது. 'வெட்டினான்' என்ற வினையும் 'கொண்டுவந்தான்' என்பதை ஒட்டிய பொருளுக்கு மாறியது. தந்தையின் பெயரும் இரக்கம் கேட்கும் குரலும் நிலைத்தன.

நான்கு வாசிப்புகள். முதலாவது கட்டுக்கதை, இரண்டாவது பெரிதும் பிழை, மூன்றாவது பாதி சரி, நான்காவது இப்போதைக்கு ஏற்கத்தக்கது. இவ்வரிசை சாத்தியமானதற்குக் காரணம் அறிஞர்களின் மேதைமை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கல் அங்கேயே இருந்தது. பிழையாகப் படித்தவர் போன பிறகு அடுத்தவர் வந்து நிற்பதற்கு அது காத்திருந்தது. கல் போய்விட்டால், அதைப் பற்றிக் கடைசியாக யார் எதைச் சொன்னாரோ அதுவே என்றைக்கும் வரலாறு. முதல் பிராமணரின் வாசிப்புக்குப் பிறகு பரங்கிமலைக் கல் உடைந்து போயிருந்தால், அந்த நீண்ட கதையை நாம் இன்று 'கல்வெட்டுச் சான்று' என்று மேற்கோள் காட்டிக்கொண்டிருப்போம்.

'இதெல்லாம் பஹ்லவி அறிந்தவர்களின் வேலை, தமிழ் மொழியியலுக்கு இதில் என்ன' என்று கேட்கக்கூடும். உண்மையில் சென்ற மாதம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். இரிஞ்ஞாலக்குடைக்கு அருகில் தாழேக்காடு என்ற ஊர். அங்குள்ள பள்ளி வளாகத்தில் இராசசிங்கன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டினது. மணிக்கிராமத்தைச் சேர்ந்த சாத்தன் வடுகன், இரவிச் சாத்தன் என்ற இரு வணிகர்க்கு வழங்கிய உரிமைகளைப் பேசுகிறது. இப்பெயர்களை நாம் எங்கே படித்தாலும் தமிழ்க் கல்வெட்டு என்று அணைத்துக்கொள்வோம். இவர்கள் கிறித்தவர்களா, வேறு வணிகர்களா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் தமிழ்த்துறைக்கு அது 'கேரளத்துக் கல்'. மலையாளத்துறைக்கு அது மொழி பிரிவதற்கு முந்தைய சங்கடம். சமயவரலாற்றாளருக்குப் பெயர்கள் போதிய அளவு கிறித்தவமாக இல்லை. மூன்று துறைகளுக்கு இடையே அந்தக் கல் மழையில் நனைகிறது என்று எழுத ஆசைதான். நனைந்தாலும் அது இருக்கிறது, அதுவே பெரிது.

849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளுக்கு வாருங்கள். தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில் வேணாட்டு அய்யனடிகள், சபீர் ஈசோ கொல்லத்தில் எழுப்பிய பள்ளிக்கு அளித்த கொடை. நாம் தடுமாறாமல் படிக்கக்கூடிய அளவுக்கு நெருங்கிய மொழி; எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம். இறுதியில் சாட்சிகள் கூஃபி அரபியிலும், பஹ்லவியிலும், ஹீப்ரு எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் கையொப்பம் இடுகிறார்கள். அந்தப் பள்ளி இன்று இல்லை. ஏடுகள் கோட்டயத்திலும் திருவல்லாவிலும் பாதுகாப்பில் இருப்பதால்தான் தலைக்காணம், ஏணிக்காணம் என்ற வரிப்பெயர்களை நான் இங்கே தட்டச்சு செய்ய முடிகிறது. ஏணிக்காணம் என்பது மரம் ஏறுபவனின் ஏணிக்கு வரி. ஒன்பதாம் நூற்றாண்டின் உழைப்பைப் பற்றி ஒரு சொல்லில் இவ்வளவு சொல்லும் சான்று எத்தனை உண்டு?

இவ்விடத்தில் என் மலையாளி நண்பர்களோடும் ஒரு வழக்கு இருக்கிறது. இச்செப்பேடுகள் பரம்பரைப் பெருமைக்கு எடுத்துக்காட்டப்படும்போது எழுபத்திரண்டு உரிமைகள், யானை, குடை, பல்லக்கு என்றெல்லாம் பேசப்படுகின்றன. ஏட்டில் பள்ளியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட ஈழவர், வண்ணார், தச்சர், வெள்ளாளர் குடிகளைப் பற்றிப் பெருநாள் மலர்களில் நான் ஒரு வரியும் கண்டதில்லை. கொடுத்தவன் பெயரும் பெற்றவன் பெயரும் தெரியும். கொடுக்கப்பட்டவர்கள் 'குடி' என்ற எண்ணிக்கையாக நிற்கிறார்கள். எழுத்தைப் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் உள்ள தொலைவு சுற்றுலாக்காரனுக்கு மட்டும் உரியதன்று.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மொழியியல் படித்தவன் என்ற சலுகையில். தமிழில் நாம் சொல்லும் 'சிலுவை', சுரியானியின் 'ஸ்லீவா'விலிருந்து வந்தது. சுரியானி வழிபாட்டு மொழியாக வாழும் கேரளத்திலோ மக்கள் பேச்சில் வழங்குவது 'குரிசு'. அது போர்ச்சுக்கீசியத்தின் 'க்ரூஸ்'. அதாவது சுரியானியைக் கையில் வைத்திருந்தவர்கள் போர்ச்சுக்கீசியச் சொல்லைப் பேசுகிறார்கள். போர்ச்சுக்கீசியப் பாதிரிமார் கரையோரமெங்கும் உழைத்த தமிழகத்தில் சுரியானிச் சொல் நிலைத்துவிட்டது. இந்த முரண் எப்படி நேர்ந்தது என்பதை அகராதிகளைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தக் கல்லில் எந்தச் சொல் என்று தேட வேண்டும். அதற்குக் கல்லறைப் பலகைகள் வேண்டும். அங்கேதான் என் கோபத்தின் காரணம் தொடங்குகிறது.

மூன்றாண்டுகளுக்கு முன், கோட்டயம் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம், அங்குள்ளவர்கள் எனக்குச் சோறு போட்டவர்கள். நடுக்கூடத்தின் தரையில் கல்லறைப் பலகைகள் பதித்திருந்தன. அவற்றுள் ஒன்றில் ஏழு வரிகள். முதல் இரண்டும் நடந்து நடந்து தேய்ந்தவை. நடுவில் கொல்லம் ஆண்டு. அதன் கீழ் ஒரு பெண்ணின் பெயர். பெயருக்கு முன்னால் ஒரு சொல். வட்டெழுத்தும் கோலெழுத்தும் கலந்த கை. அந்தச் சொல் எனக்குப் பிடிபடவில்லை. உறவுப்பெயரா, பட்டமா, சுரியானியிலிருந்து வந்த அடைமொழியா? பெண்ணின் பெயர் தாங்கிய பழைய பலகைகளே அரிது. அதிலும் பெயருக்கு அடைமொழி! மாலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கைப்பேசியில் மேலிருந்து நேராக இரண்டு படங்கள் எடுத்தேன். திரும்பி வந்து மைப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இடையில் ஒரு பருவத்தேர்வு, ஓர் ஆய்வறிக்கை, ஒரு காய்ச்சல்.

பதினான்கு மாதம் கழித்துப் போனபோது தரை முழுவதும் பளபளக்கும் கிரானைட். அருட்தந்தை அன்போடு பேசினார். பழைய தரை மேடுபள்ளம்; முதியவர்கள் தடுக்கி விழுந்தார்கள்; பங்கு மக்களின் பொதுக்கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. பலகைகள் எங்கே என்றேன். சில தரைக்கு அடியிலேயே இருப்பதாகவும், சில எடுக்கும்போது உடைந்ததாகவும் சொன்னார். "எல்லாவற்றுக்கும் படம் எடுத்து வைத்திருக்கிறோம்" என்று ஒரு தொகுப்பைக் காட்டினார். பலகை தெரிந்த ஒரே படத்தில் அதன் மேல் ஒரு திருமணத் தம்பதி நின்றிருந்தார்கள். மணமகளின் சேலைக்கரை சரியாக அந்த நான்காம் வரியை மூடியிருந்தது. என் சொந்தப் படங்களிலும் மேலிருந்து விழுந்த வெளிச்சம் எழுத்தின் பள்ளங்களை அழித்துவிட்டிருந்தது. அந்தச் சொல்லை இனி யாரும் படிக்கப்போவதில்லை. குற்றத்தில் பாதி கிரானைட்டினுடையது, பாதி என்னுடையது. நானும் அன்று பார்த்துவிட்டு வந்தவன்தான்.

இதற்கு மறுப்பு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பள்ளி அருங்காட்சியகம் அன்று. அங்கே மக்கள் வழிபடுகிறார்கள். ஞாயிறுதோறும் இடம் போதவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்து உன் எழுத்தியலைக் காக்க வேண்டுமா? இம்மறுப்பு நியாயமானது, இதை மதிக்காத மரபுக்காவலர்களின் கூச்சல் எனக்கு ஒவ்வாதது. தங்கள் பணத்தில் தங்கள் கோயிலின் தரையை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு. மாற்றும் முன் ஒரு வாரம் தாருங்கள் என்று கேட்க யாராவது போனோமா? அதைத்தான் கேட்கிறேன். நூறாண்டு கடந்த கட்டடத்தைப் பழஞ்சின்னமாகக் கருத 1958ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அறிவிக்கை வெளியாகாத கட்டடத்தை அது தொடுவதில்லை. சிற்றூர்ப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை அறிவிக்கைக்கு வெளியேதான் இருக்கின்றன. அறிவிக்கை வந்தால் ஓட்டை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்று பங்கு மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தையும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆக, சட்டம் வந்து காக்கும் என்று காத்திருப்பது வீண்.

1599இல் உதயம்பேரூரில் கூடிய சங்கத்துக்குப் பிறகு சுரியானி நூல்கள் திருத்தப்பட்டன, எரிக்கப்பட்டன. அந்த இழப்பைப் பற்றி நாம் கட்டுரைகள் எழுதுகிறோம், மெனேசிசின் பெயரைச் சொல்லிச் சினக்கிறோம். சினக்க வேண்டியதுதான். அவர் எரித்தது அந்நூல்களைப் படித்து, அவற்றின் பொருள் தமக்கு ஆகாது என்று கண்டதால். நம் காலத்தில் கல்லின் மேல் சிமெண்டைப் பூசுபவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் முற்றத்தில் நின்று முகப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

துறைத்தலைவர்களிடம் ஒரு விண்ணப்பம். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். முதுகலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் 'கல்விச் சுற்றுலா' என்று மூன்று நாள் ஒதுக்குகிறீர்கள். பேருந்து, பாட்டு, குழுப்படம். அதில் ஓர் இரவை ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குக் கொடுங்கள். இரவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இருட்டில், கல்லின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்த ஒரே ஒரு கைவிளக்கு, பகலில் தெரியாத வரியை எழுப்பிக் காட்டும். விளக்கை நான்கு பக்கமும் நகர்த்தி நான்கு படம். பக்கத்தில் ஓர் அளவுகோல். எழுத்தில் சுண்ணக்கட்டியோ வண்ணமோ தேய்க்கக் கூடாது. தேய்ப்பவர் தாம் படித்ததைக் கல்லின் மேல் எழுதிவிடுகிறார், அடுத்தவரும் அதையே படிப்பார். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஐம்பது அறுபது படங்கள் எடுத்தால் முப்பரிமாண உருவத்தைக் கணினியே ஆக்கித்தரும். இதற்கு நிதிக்குழுவோ புரிந்துணர்வு ஒப்பந்தமோ வேண்டாம். பங்கு அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லி, எடுத்த படங்களின் ஒரு படியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வர வேண்டும். கொடுத்தபோது, இது எங்கள் பாட்டியின் கல்லா என்று குனிந்து பார்த்த முகங்களை நான் கண்டிருக்கிறேன். தன் பாட்டியின் பெயர் அதில் இருக்கிறது என்று அறிந்தவர் அந்தக் கல்லை உடைக்கக் கூலி கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்.

பேராசிரியர் கேட்ட இரண்டு ஊர்களை இப்போது தருகிறேன், நான்காகவே தருகிறேன். ஏற்றுமானூரிலிருந்து எறணாகுளம் செல்லும் சாலையில் கோதநல்லூர், முட்டுச்சிற, கடுத்துருத்தி. அங்கிருந்து கிழக்கே சற்று விலகிக் குறவிலங்காடு. நான்கும் ஒரே நாளில் அடங்கும் தொலைவு. முட்டுச்சிறயில் பஹ்லவி வரியோடு, 16ஆம் நூற்றாண்டின் நிகழ்வுகளைச் சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டும் உண்டு. வட்டெழுத்துப் பயிலும் மாணவர்க்கு அதைவிட நல்ல தொடக்கப்பாடம் எனக்குத் தெரியாது. ஜனவரி இரண்டாம் வாரம் நான் அங்கே இருப்பேன். இதுவரை மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வர விரும்புபவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள். கைவிளக்கும், மடக்கு அளவுகோலும், தரையில் முழந்தாளிட உதவும் ஒரு பழைய போர்வையும் எடுத்து வாருங்கள்.